ஈரத்தோடு வண்டியை வாங்காதே

மில்டன் கீன்ஸ், இங்கிலாந்து,
10-3-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் கவிதா எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மூவரும் நலம். கண் அறுவைக்குப் பிறகு உங்களுக்குப் பார்வை தெளிவாக இருக்கிறது என்று தம்பி சொன்னான். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதைத் தனியாக எழுதுங்கள். தொலைபேசியில் கேட்டால் அம்மா "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்கிறார்.

அக்டோபரில் கார் இடிபட்டதை நானும் அதே போல "சின்ன இடிதான்" என்று சொல்லி முடித்துவிட்டேன். போன வாரம் நீங்கள், "ஐந்து மாதமாகியும் தீராத சின்ன இடி எது? விவரமாக எழுது, நிதானமாகப் படிக்கிறேன்" என்று கேட்டுவிட்டீர்கள். கரூரில் முப்பது வருடம் பஸ் பாடி கட்டும் பட்டறையில் டிங்கரிங் பார்த்தவரிடம் இதை மறைத்தது தவறுதான். உங்களிடம் முதலிலேயே கேட்டிருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும்.

இந்த ஊர் 1967-க்குப் பிறகு திட்டம் போட்டுக் கட்டிய புது நகரம். எச் என்றும் வி என்றும் எண்ணிட்ட சாலைகள் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. அவை சந்திக்கும் இடங்களில் பெரும்பாலும் சிக்னலுக்குப் பதில் ரவுண்டானாதான். அக்டோபர் 17-ஆம் தேதி இரவு வேலை முடிந்து காலையில் திரும்பும்போது, வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு வழிவிட ரவுண்டானாவின் வாயிலில் நின்றேன். பின்னால் வந்தவர் நான் கிளம்பிவிட்டதாக நினைத்து, இடது பின்மூலையில் வந்து இடித்தார். யாருக்கும் காயமில்லை. பம்பர் பிளந்தது, பின்விளக்கு உடைந்தது, பின்சக்கரத்துக்கு மேலிருக்கும் குவார்ட்டர் பேனல் உள்ளங்கை இரண்டு அகலத்துக்கு ஒடுங்கியது. தவறு தன்னுடையதுதான் என்று அவர் அங்கேயே ஒப்புக்கொண்டார்.

எங்களுடையது முழுக் காப்பீடு. கம்பெனிக்குத் தொலைபேசியில் சொன்னதும் அவர்கள் தங்கள் அங்கீகாரம் பெற்ற கராஜ் ஒன்றின் பெயரைச் சொல்லி, வேலை முடியும்வரை ஓட்ட ஒரு சின்னக் காரும் தருவதாகச் சொன்னார்கள். வேறு கராஜுக்குப் போகவும் உரிமை உண்டு. ஆனால் அப்படிப் போனால், நாம் கையிலிருந்து போடவேண்டிய எக்ஸஸ் தொகை கூடும். மாற்று வண்டியும் கிடையாது. இப்படிச் சொன்ன பிறகு யார் வேறு இடத்துக்குப் போவார்கள்? நம் ஊரில் பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குத் தேய்மானம் என்று பாதி விலையைக் கழிப்பார்களே, அந்தக் கணக்கு இங்கே இல்லை. பம்பருக்கு முழு விலையும் கொடுக்கிறார்கள். அதைக் கேட்டே நான் மகிழ்ந்துபோனேன்.

நவம்பர் 4-ஆம் தேதி வண்டியை எடுத்துப்போனார்கள். 22-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த மாதத்தில் இங்கே நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். நான் போனபோது முற்றத்தில் மஞ்சள் விளக்கின் கீழ், அப்போதுதான் கழுவி விட்ட வண்டி சொட்டச் சொட்ட நின்றது. கண்ணாடி போல மின்னியது. வேலை திருப்தி என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உங்களுக்குச் சிரிப்பு வரும் என்று தெரியும். டெலிவரி எடுக்க வந்தவர்களிடம் நீங்களே சொல்வீர்கள்: "ஈரத்தோடு வண்டியை வாங்காதே, தண்ணீர் எல்லாக் குறையையும் மூடிவிடும்." பத்து வயதில் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து இதை எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! அன்று மாலை அது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் மழை. ஞாயிறு காலை கொஞ்சம் வெயில் வந்ததும் வெளியே போய்ப் பார்த்தேன். வண்டி வெள்ளி நிறம், உள்ளே அலுமினியத் துகள் கலந்த மெட்டாலிக் பெயிண்ட். நேராக நின்று பார்த்தால் கதவும் குவார்ட்டர் பேனலும் ஒரே நிறம். பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால் பேனல் மட்டும் ஒரு படி கருத்திருந்தது. பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கியின் காற்றழுத்தமும் பெயிண்டின் ஈரமும் மாறினால் துகள்கள் வேறு மாதிரி படியும் என்பதும், அதனால்தான் பக்கத்துப் பேனல் வரைக்கும் கலரை மங்கலாக இழுத்துக் கலக்கவேண்டும் என்பதும் நீங்கள் சொல்லித் தெரிந்தவை. இங்கே கதவின் விளிம்பில் டேப் ஒட்டி அப்படியே நிறுத்தியிருந்தார்கள். நகத்தால் தடவினால் அந்தக் கோடு தட்டுப்பட்டது. மேல் பூச்சு சாத்துக்குடித் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. பின்விளக்குக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவே ஒரு பக்கம் பென்சில் நுழையும் இடைவெளி, மறுபக்கம் தாள் நுழையாது.

பிறகு நீங்கள் செய்வது போலவே மெல்லிய பருத்தித் துணியை உள்ளங்கைக்கு அடியில் வைத்துத் தகட்டைத் தடவினேன். துணி இல்லாமல் தெரியாத மேடு பள்ளம் துணியோடு தெரிவது ஏன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை, ஆனால் தெரிந்தது. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையை எடுத்துவந்து வலப்பக்கம் வைத்தேன்; டப்பென்று ஒட்டியது. இடப்பக்கத்தில் ஒடுங்கிய இடத்தின் நடுவே வைத்தேன். வழுக்கித் தரையில் விழுந்தது. ஒடுக்கை எடுக்காமல், காந்தம் ஒட்டாத பட்டிக் கலவையால் நிரப்பியிருக்கிறார்கள்.

இதுவரை அழகு சம்பந்தப்பட்டது என்று விட்டிருப்பேன். அடுத்த வாரம் டிக்கியைத் திறந்தால் நனைந்த சாக்கு நாற்றம். டிக்கியின் விரிப்பைத் தூக்கினேன், ஸ்டெப்னி வைக்கும் குழியில் ஒரு சொம்பு தண்ணீர். பின்விளக்கின் ரப்பர் சரியாக உட்காரவில்லை, தகடு சேரும் இடத்தில் சீலரும் வைக்கவில்லை. பம்பரில் இருக்கும் பார்க்கிங் சென்சார்களில் ஒன்று, பின்னால் எதுவுமே இல்லாதபோதும் கத்தியது. சென்சார் முகத்தில் பெயிண்ட் அளவுக்கு மேல் கனமாகப் படிந்தால் அப்படித்தான் ஆகுமாம்.

கராஜுக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை மெஷினில் பாலிஷ் போட்டுத் திருப்பித் தந்தார்கள். சாத்துக்குடித் தோல் பளபளப்பான சாத்துக்குடித் தோல் ஆயிற்று. இரண்டாம் முறை, "எங்களுக்கு அனுமதித்த மணிக்கணக்கு இவ்வளவுதான், மேற்கொண்டு வேண்டுமானால் இன்சூரன்ஸைக் கேளுங்கள்" என்றார் மேலாளர். இன்சூரன்ஸைக் கேட்டால், "வேலை செய்தது கராஜ், அவர்களிடமே பேசுங்கள்" என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பது போல இரண்டு வாரம் போனது.

அந்த மேலாளர் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது அப்பா. உங்கள் பட்டறையில் பஸ் முதலாளி வந்து எதிரிலேயே நிற்பார், தட்டிப் பார்ப்பார், பிடிக்கவில்லை என்றால் மிச்சப் பணம் வராது. இங்கே கராஜுக்கு வாடிக்கையாளர் நான் இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனி. மணிக்கூலி எவ்வளவு, ஒரு பேனலுக்கு எத்தனை மணி நேரம் என்பதையெல்லாம் அவர்கள் இருவரும் பேசி முடித்துக்கொள்கிறார்கள். ஒடுக்கை இழுத்து எடுப்பதற்கு நேரம் பிடிக்கும். பட்டி பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். பெயிண்ட் பூத், தூசி வடிகட்டி என்று எல்லா வசதியும் அந்த இடத்தில் இருந்தன. உப்புத்தாளும் சுத்தியலும் வைத்துக்கொண்டு நீங்கள் செய்த வேலை அங்கே நடக்கவில்லை என்றால், தொழில் தெரியாததால் அல்ல, அதற்கு யாரும் காசு கொடுக்காததால்தான் என்று நினைக்கிறேன்.

வழி காட்டியவர் எங்கள் மருத்துவமனை வார்டில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். "கராஜ்காரனோட ஏன் மினக்கெடுறீர்? உம்மட பொலிசி இன்சூரன்ஸோடதானே?" என்றார். பாலிசியை எடுத்து அன்றுதான் முழுதாகப் படித்தேன். சேதத்துக்குப் பணமாகக் கொடுப்பதா, வண்டியைச் சரிசெய்து கொடுப்பதா என்று முடிவு செய்யும் உரிமை கம்பெனிக்கு. சரிசெய்கிறோம் என்று அவர்கள் தேர்ந்தெடுத்து, கராஜையும் அவர்களே அமர்த்தினால், அந்த வேலை ஒழுங்காக முடியும் பொறுப்பும் அவர்களுடையதே. நானே பிடித்த கராஜாக இருந்திருந்தால் இந்த வாதம் இத்தனை எளிதாக நிற்காது. கூடுதல் எக்ஸஸுக்குப் பயந்து அவர்கள் சொன்ன இடத்துக்குப் போனதே எனக்குச் சாதகமாக முடிந்தது வேடிக்கைதான். நான் கையெழுத்திட்ட தாளும் பெரிய தடையில்லை. இருட்டில் கண்ணுக்குத் தெரியாத குறைக்கு அது ஒப்புதல் ஆகாது.

டிசம்பர் 9-ஆம் தேதி கம்பெனிக்கு எழுத்தில் புகார் அனுப்பினேன். தலைப்பிலேயே "புகார்" என்று போட்டு, தேதிவாரியாக நடந்ததை எழுதி, பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களை இணைத்து, பணம் கேட்கவில்லை, வேறு கராஜில் வேலையை மறுபடி செய்து தாருங்கள் என்று முடித்தேன். அப்படி ஒரு புகார் போனால் எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் தரவேண்டும் என்பது இங்கே விதி. பதில் பிடிக்கவில்லை என்றால், அது வந்த ஆறு மாதத்துக்குள் நிதித்துறை ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. அவர் தரும் முடிவை நாம் ஏற்றுக்கொண்டால் கம்பெனியையும் அது கட்டுப்படுத்தும். நமக்கு ஒப்பவில்லை என்றால் நீதிமன்றம் போகும் உரிமை நம்மிடமே இருக்கும். சென்னையிலும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. தம்பியின் வண்டிக்கு எப்போதாவது தேவைப்பட்டால் நினைவில் இருக்கட்டும்.

கம்பெனி அனுப்பிய ஆள் வீட்டுக்கு வந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "ஏற்கத்தக்க தரம்" என்று எழுதிக் கொடுத்தார். அதைப் படித்துக் கோபம் வந்தது. 210 பவுண்டு செலவழித்துத் தனியார் பொறியாளர் ஒருவரை வரவழைத்தேன். அவர் பெயிண்ட் கனம் அளக்கும் கைக்கருவியைத் தகட்டில் வைத்து வைத்து எண்களைக் குறித்தார். அடிபடாத வலப்பக்கத்தில் 110 முதல் 130 மைக்ரான். இடப்பக்கத்தில் என் காந்தம் விழுந்த இடத்தில் 2,000-ஐத் தாண்டியது. அதாவது இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பட்டி. அறிக்கையைப் பார்த்தபோது காந்தப் பொம்மையின் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

அறிக்கையை அனுப்பிய பிறகு பேச்சின் தொனியே மாறியது. ஜனவரி 30-ஆம் தேதி இறுதிப் பதில் வந்தது: வேலை உரிய தரத்தில் இல்லை என்று ஒப்புக்கொள்கிறோம், நீங்கள் சொல்லும் கராஜில் மறுபடி செய்து தருகிறோம், பொறியாளர் கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம், அலைச்சலுக்கு 200 பவுண்டு. நான் கட்டிய எக்ஸஸ் எதிர்த் தரப்பிலிருந்து தனியாக வந்துவிட்டது. ஆம்புட்ஸ்மேன் வரை போகவேண்டியிருக்கவில்லை.

இப்போது வண்டி போலந்துக்காரர் ஒருவரின் சின்னப் பட்டறையில் இருக்கிறது. போன வியாழக்கிழமை என்னை வரச் சொல்லி, பட்டியைத் தேய்த்து எடுப்பதைக் காட்டினார். பழைய சுவரின் காரை போல அது பாளம் பாளமாக உதிர்ந்தது. அடியில் ஒடுக்கு ஏறக்குறைய அப்படியே இருந்தது. அவர் தகட்டில் சின்னச் சின்ன ஊசிகளை வெல்டு செய்து, கொக்கி போட்டு வெளியே இழுக்கிறார். நீங்கள் உள்ளிருந்து சுத்தியலும் டாலி என்ற தாங்கு இரும்பும் வைத்துத் தட்டுவீர்கள் என்று சொன்னேன். இந்த இடத்தில் உள்ளே கை நுழையாது என்று செய்கையாலேயே காட்டிச் சிரித்தார். கதவு வரை கலரை இழுத்துக் கலந்துதான் முடிப்பேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

வருகிற சனிக்கிழமை, 15-ஆம் தேதி டெலிவரி. மாலையில் வருகிறீர்களா என்று கேட்டார். பகல் பதினொரு மணிக்கு வருகிறேன், அன்று வண்டியைக் கழுவவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்போது உங்களுக்கு மாலை நான்கரை. கைபேசியைச் சார்ஜ் போட்டுப் பக்கத்தில் வைத்திருங்கள், வீடியோவில் கூப்பிடுகிறேன். நீங்கள் பார்த்துச் சரி என்ற பிறகே கையெழுத்துப் போடுவேன். துணியும் காந்தமும் கைப்பையில் எடுத்து வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்,
கவிதா