ஒன்ராறியோவில் 2013–14: விளையாட்டுப் பக்கங்கள் தவறவிட்ட ஒரு கூடைப்பந்தாட்டப் பருவம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடியக் கூடைப்பந்தாட்டத்தின் எழுச்சி பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான நீண்ட கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். 2013ஆம் ஆண்டில் அன்ரனி பெனற்றும் 2014ஆம் ஆண்டில் அன்ட்ரூ விக்கின்சும் என்.பி.ஏ. என்னும் வட அமெரிக்கத் தொழில்முறைத் தொடரின் வீரர் தெரிவில் அடுத்தடுத்து முதலிடம் பெற்றதைக் கட்டுரையாளர் பெருமிதத்துடன் எழுதியிருந்தார். அந்தப் பெருமிதத்தில் எனக்கும் பங்குண்டு. ஆயினும், திறமையுள்ள பையன் உயர்நிலைப் பள்ளியை முடிப்பதற்குள் அமெரிக்காவுக்குப் போயாக வேண்டும் என்றும், இங்குள்ள பல்கலைக்கழக ஆட்டம் வெறும் பொழுதுபோக்கு என்றும் அவர் கூறியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த இரண்டு தெரிவுகளுக்கும் இடைப்பட்ட பனிக்காலத்தில், அதாவது 2013–14 பருவத்தில், ஒன்ராறியோப் பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்தாட்டத்தில் நடந்தவை அவருடைய கூற்றுக்கு நேர் எதிரான சாட்சியமாக இருக்கின்றன. விக்கின்ஸ் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தையும் நமது ஊடகங்கள் பின்தொடர்ந்துகொண்டிருந்த அந்தப் பனிக்காலத்தில், வீட்டு வாசலில் நடந்ததைத் தமிழ் வாசகர்களுக்கு ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை.

அந்தப் பருவத்தின் கதையை 2013 ஓகஸ்ட் மாதத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம். அமெரிக்கக் கல்லூரி அணிகள் கோடை விடுமுறையில் கனடாவுக்கு வந்து பயிற்சி ஆட்டங்கள் ஆடிவிட்டுப் போவது வழக்கம். அந்த ஆண்டு விஸ்கொன்சின் பல்கலைக்கழக அணி ஒட்டாவா நகரின் கார்ல்ரன் பல்கலைக்கழக அணியிடம் 95–82 என்ற கணக்கில் தோற்றது. அதே வாரத்தில் வந்த சிரக்கியூஸ் அணியோ, மேலதிக நேரம் வரை இழுபட்ட பிறகே 69–65 என்று கார்ல்ரனை வெல்ல முடிந்தது. பயிற்சி ஆட்டத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று சிலர் சொல்லக்கூடும். ஓகஸ்டில் எந்த அணியும் முழு வேகத்தில் இருக்காது என்பது உண்மைதான், ஆனால் அது இரு தரப்புக்கும் பொருந்தும். அந்த விஸ்கொன்சின் அணி அடுத்த ஏப்ரலில் அமெரிக்கக் கல்லூரிச் சுற்றுப்போட்டியின் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக நின்றது. சிரக்கியூஸ் தன் பருவத்தின் முதல் 25 ஆட்டங்களையும் தொடர்ச்சியாக வென்றது. பொழுதுபோக்குக்காக ஆடும் ஓர் அணி இத்தகையவர்களோடு இப்படி ஆட முடியுமா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

கார்ல்ரன் அணியைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில விவரங்களைக் கூற வேண்டும். 1999இல் டேவ் ஸ்மார்ட் தலைமைப் பயிற்றுநர் பொறுப்பை ஏற்றபோது கார்ல்ரன் ஒருமுறைகூடத் தேசியக் கிண்ணத்தை வென்றிராத பல்கலைக்கழகம். 2003இலிருந்து 2007 வரை தொடர்ந்து ஐந்து முறையும், பிறகு 2009இலும் வென்ற அது, 2011இலிருந்து மீண்டும் ஆண்டுதோறும் வெல்லத் தொடங்கியது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரிச்மண்ட் நகரிலிருந்து வந்த பிலிப் ஸ்க்ரப், தோமஸ் ஸ்க்ரப் என்ற சகோதரர்கள் 2013–14இல் அந்த அணியின் முதுகெலும்பாக இருந்தார்கள். பிலிப்பின் எறிகையைப் பலரும் புகழ்வார்கள். எனக்கென்னவோ அந்த அணியின் தடுப்பாட்டமே பெரிதாகத் தெரிந்தது. பந்து ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போகும் அந்தக் கணத்திலேயே ஐந்து பேரும் சேர்ந்து நகர்வார்கள். பந்தோடு நிற்பவரை நடுப்பகுதிக்குள் விடாமல் கோட்டோரமாகத் தள்ளுவார்கள். அவர் ஒருவாறு தப்பி உள்ளே வந்தால், எதிர்ப்புறத்தில் நின்ற வீரர் கூடைக்கு முன்னால் ஏற்கெனவே வந்து காத்திருப்பார். நமது பல்கலைக்கழகங்கள் சர்வதேச விதிகளின்படி 24 வினாடிக் கடிகாரத்துடன் ஆடுகின்றன; அதாவது பந்தைப் பெற்ற அணி அந்த நேரத்துக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். அப்போது அமெரிக்கக் கல்லூரி ஆண்களுக்குக் கிடைத்ததோ 35 வினாடிகள். ஆகவே இங்கே முதல் முயற்சி தடுக்கப்பட்டால் இரண்டாவது முயற்சிக்கு அவகாசம் மிகக் குறைவு. கார்ல்ரன் தன் வெற்றிகளைக் கட்டியெழுப்பியது அந்தக் குறைந்த அவகாசத்தின் மீதுதான்.

இனி எதிராளியைப் பற்றி. ஒட்டாவா பல்கலைக்கழகமும் கார்ல்ரனும் ஒரே நகரில், ஒரே றிடோ கால்வாயின் ஓரத்தில், சில கிலோமீற்றர் இடைவெளியில் அமைந்தவை. 2010இல் ஒட்டாவா அணியின் பயிற்றுநரான ஜேம்ஸ் டெரூவன், அயலில் இருக்கும் மலையைச் சுற்றிக்கொண்டு போக வழியே இல்லை, ஏறித்தான் ஆக வேண்டும் என்ற தெளிவுடன் தன் அணியை வளர்த்தார் என்றே அந்த ஆண்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தோன்றும். அவருடைய அணியின் நடுநாயகம் ஒட்டாவாவிலேயே வளர்ந்த ஜொனி பெர்ஹானெமெஸ்கல். அமெரிக்காவின் பெரிய கல்லூரிகள் தேடி அலையும் உயரமோ உடற்கட்டோ அவருக்கு இல்லை. ஆனால் தடுப்பவரின் கை முகத்துக்கு முன்னால் இருக்கும்போதும் அவருடைய எறிகை ஒரே சீராக இருக்கும்.

அந்தப் பருவம் முழுவதும் எந்தக் கனடியப் பல்கலைக்கழகத்திடமும் தோற்காமல் வந்த கார்ல்ரன், ஒன்ராறியோ வாகையருக்குரிய வில்சன் கிண்ண இறுதிப்போட்டியில் ஒட்டாவாவைச் சந்தித்தது. கடைசி வினாடி வரை யார் வெல்வார் என்று தெரியாமல் நகர்ந்த அந்த ஆட்டத்தில், பந்து பெர்ஹானெமெஸ்கலின் கைக்கு வந்தது. மைதானத்தில் இருந்த எல்லோருக்கும், குறிப்பாக அவரைத் தடுக்க நின்ற கார்ல்ரன் வீரருக்கு, அவரே எறியப்போகிறார் என்பது தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. ஒட்டாவா ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்று ஒன்ராறியோவின் வாகையர் ஆனது.

அடுத்த வார இறுதியில், 2014 மார்ச் 9ஆம் திகதி, தேசிய இறுதிப்போட்டியில் இரு அணிகளும் மறுபடி மோதின. ஒட்டாவா செனற்றர்ஸ் ஹொக்கி அணியின் வீடான கனேடியன் ரயர் சென்ரரில் நடந்த அந்த ஆட்டத்தில், நாட்டின் எட்டுச் சிறந்த அணிகளிலிருந்து எஞ்சி நின்ற இரண்டும் ஒரே நகரத்தின் அணிகள். 1984இலிருந்து 2007 வரை ஹலிபக்சில் நடந்துவந்த ஒரு சுற்றுப்போட்டி, ஒட்டாவாவுக்கு வந்து, ஒட்டாவாவின் இரு அணிகளுக்கிடையில் முடிவானது. கார்ல்ரன் 79–67 என்று வென்றது. 12 ஆண்டுகளில் அதன் 10ஆவது தேசியக் கிண்ணம் அது. ஒரு வாரத்துக்கு முன் தோற்ற அணி தன் தடுப்பாட்டத்தை அத்தனை சீக்கிரத்தில் திருத்திக்கொண்டு வந்தது என்பதுதான் அந்த வெற்றியில் நான் மிகவும் மதிக்கும் அம்சம்.

இந்தப் பருவத்தின் அருமை அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளோடு ஒப்பிட்டால் விளங்கும். 2013 இறுதிப்போட்டியில் கார்ல்ரன், ஒன்ராறியோவின் இன்னோர் அணியான லேக்ஹெட்டை 92–42 என்று தோற்கடித்தது. 2015இல் ரொறன்ரோவில் நடந்த இறுதிப்போட்டியில் அதே ஒட்டாவாவை 93–46 என்று தோற்கடித்தது. ஒரு பக்கம் 50 புள்ளி இடைவெளி, மறுபக்கம் 47 புள்ளி இடைவெளி. நடுவே ஒரு புள்ளியில் மாகாணக் கிண்ணம் கைமாறிய ஒரு பருவம். ஒரே அணி எப்போதும் வெல்லும் தொடரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அந்த அணியை எட்டிப்பிடிக்க மற்றவர்கள் எடுத்த முயற்சியே மாகாணம் முழுவதும் ஆட்டத்தின் தரத்தை உயர்த்தியது. ஒட்டாவா 2014இல் அதைச் செய்தது. ரொறன்ரோவின் றையர்சன் பல்கலைக்கழகம் 2016இல் கார்ல்ரனை வீழ்த்தித் தன் முதலாவது வில்சன் கிண்ணத்தை எடுத்தது.

றையர்சன் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் அது நமது ஊர் அணி. இன்று ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியிருக்கும் அந்தப் பல்கலைக்கழகம், பழைய ஹொக்கி அரங்கமான மேப்பிள் லீவ் கார்டன்ஸ் கட்டடத்தைப் புதுப்பித்து 2012இல் தன் விளையாட்டு நிலையமாகத் திறந்தது. அங்கே, தரைத்தளத்தில் லோப்லோஸ் கடையில் சனம் மரக்கறி வாங்கிக்கொண்டிருக்க, அதற்கு மேல்தளத்தில் கூடைப்பந்தாட்டம் நடக்கும். முன்வரிசையில் இருந்தால் சப்பாத்து தரையில் உரசும் சத்தமும், தடுப்பாட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் பெயர் சொல்லி எச்சரிப்பதும், பயிற்றுநர் இடைவேளையில் பலகையில் கோடு கிழித்துக் கொடுக்கும் விளக்கமும் காதில் விழும். என்.பி.ஏ. ஆட்டங்கள் நடக்கும் ஸ்கோஷியாபாங்க் அரீனாவின் மேல்மாடியில் பெருந்தொகை கொடுத்து வாங்கும் ஆசனத்தில் இதில் எதுவும் கிடைக்காது. ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வகுப்பறையை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

2013–14இல் அந்த அணிக்குப் பயிற்றுநராக இருந்தவர் றோய் றானா. ரொறன்ரோவின் ஈஸ்ரேர்ண் கொமர்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பயிற்றுநராக இருந்து, 2009இல் றையர்சனுக்கு வந்த தெற்காசியப் பின்னணியுடையவர் அவர். 2017இல் கெய்ரோவில் நடந்த 19 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ணத்தைக் கனடா வென்றபோது தலைமைப் பயிற்றுநர் அவரே, 2019இல் என்.பி.ஏ.யின் சக்ராமென்ரோ அணி அவரைத் துணைப் பயிற்றுநராக அழைத்துக்கொண்டது. நமது பிள்ளைகளைப் போன்ற முகமுடைய ஒருவர் நமது நகரத்தின் மையத்தில் பத்து ஆண்டுகள் இந்தப் பணியைச் செய்தார் என்பது எத்தனை தமிழ்ப் பெற்றோருக்குத் தெரியும்?

பெற்றோர் கேட்கும் முதற்கேள்வி பணம் பற்றியது; அதை நான் மதிக்கிறேன். அமெரிக்கக் கல்லூரிகளைப் போல இங்கே விடுதியும் உணவும் சேர்த்த முழு உதவித்தொகை கிடையாது. கனடிய விதிகளின்படி விளையாட்டு உதவித்தொகை கற்கைக் கட்டணத்தையும் கட்டாயக் கட்டணங்களையும் தாண்ட முடியாது, அதிலும் ஒன்ராறியோ தனக்கென்று இன்னும் குறைந்த உச்சவரம்பை வைத்திருந்தது. இது ஒரு குறைதான். ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கனடாவில் ஒரு மாணவர் ஐந்து பருவங்கள் ஆடலாம். முந்தைய ஆண்டில் வகுத்த அளவு பாடங்களில் தேறினால்தான் அடுத்த ஆண்டு களமிறங்க முடியும். வீட்டிலிருந்தே போய்வந்து படிக்கலாம். பதினாறு வயதில் அமெரிக்கத் தனியார் பள்ளிகளுக்குப் பெருந்தொகை கட்டி அனுப்பப்படும் பையன்களில் மிகச் சிலரே பெரிய கல்லூரி அணிகளில் இடம்பிடிக்கிறார்கள். மற்றவர்களின் பெயர்கள் எந்தக் கட்டுரையிலும் வருவதில்லை.

இங்கே ஆடியவர்களுக்கு மேலே போக வழி இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஹெயிற்றியில் பிறந்து ஒட்டாவாவில் வளர்ந்த ஒஸ்வால்டோ ஜான்ரி கார்ல்ரனுக்காக ஐந்து தேசியக் கிண்ணங்களை வென்றார். அதே அணியிலிருந்து சென்ற ஆரன் டோர்னகாம்ப் ஐரோப்பாவில் பல ஆண்டுகள் தொழில்முறை வீரராக ஆடினார், கனடாத் தேசிய அணியிலும் இடம்பெற்றார். றானாவின் அணியில் ஆடிய ஆரன் பெஸ்ற்றும் பின்னர் தேசிய அணிக்காகக் களமிறங்கினார். ஸ்க்ரப் சகோதரர்கள் இருவரும் 2019இல் சீனாவில் நடந்த உலகக் கிண்ணத்தில் கனடாவுக்காக ஆடினார்கள். 2023இல் மணிலாவில் அமெரிக்காவை 127–118 என்று வென்று கனடா உலகக் கிண்ணத்தில் வெண்கலம் பெற்றபோது, ஷேய் கில்ஜியஸ் அலெக்சாண்டர் போன்ற என்.பி.ஏ. நட்சத்திரங்கள் நிறைந்த அந்த அணியில் பிலிப் ஸ்க்ரப்பும் இருந்தார். என்.பி.ஏ.யில் ஓர் ஆட்டமும் ஆடாதவர், ஒன்ராறியோவில் ஐந்து ஆண்டுகள் ஆடி உருவானவர்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். பல்கலைக்கழகப் பருவம் நவம்பரில் சூடுபிடித்துப் பெப்ரவரி இறுதிவரை நடக்கிறது. ரொறன்ரோ மெற்றோபொலிற்றன், ரொறன்ரோ, யோர்க் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் தங்கள் வாசகர்கள் பெரும்பாலோர் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் போய்ச் சேரக்கூடிய தொலைவில்தான் இருக்கின்றன. துடுப்பாட்டத்துக்கும் உதைபந்தாட்டத்துக்கும் ஒதுக்கும் இடத்தில் கால் பங்கைக் கொடுத்தாலே போதும். வாரம் ஒருமுறை முடிவுகளையும் அடுத்த வார ஆட்டங்களின் நேரத்தையும் வெளியிட்டு, மாதம் ஒருமுறையாவது ஓர் இளம் எழுத்தாளரை நேரில் அனுப்பி எழுதச் செய்யுங்கள். முடிவுகளையும் அட்டவணையையும் தமிழில் தொகுத்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் தங்களுக்கு அனுப்பிவைக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
ஸ்காபரோ