மாவுக்கட்டு பிரித்த பிறகு

ஆசிரியருக்கு வணக்கம்.

சாலை விபத்துச் செய்திகள் ‘கால் எலும்பு முறிந்து மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார்’ என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. தென் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சையாளராக இருந்த எனக்கு வேலை தொடங்கியதே அந்த வரிக்குப் பிறகுதான். எக்ஸ்ரேயைச் சுருட்டிப் பிடித்தபடி வந்து, “எலும்பு கூடிவிட்டது என்றார்களே, ஏன் இன்னும் நொண்டுகிறது?” என்று கேட்காதவர்கள் குறைவு.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள். முன்பக்கம் தடவினாலே கைக்குத் தட்டுப்படும் டிபியாதான் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குகிறது. வெளிப்புறமுள்ள ஃபிபுலா சுமப்பது கொஞ்சம்தான். வாய்ப் புற்றுநோயில் தாடையை இழந்தவர்களுக்கு அதில் ஒரு துண்டை எடுத்துத் தாடை அமைக்கிறார்கள், பிறகு அவர்கள் நடக்கவும் செய்கிறார்கள். ஆனால் எலும்பு தானாக எங்கும் போகாது. குதிகால் தரையில் பட்டதும் பாதம் தொப்பென்று விழாமல் மெல்ல இறக்குவது முன்பக்கத் தசை. உடல் முன்னே நகரும்போது கீழ்க்கால் சரிந்துவிடாமல் பின்னிருந்து இழுத்துப் பிடிப்பதும், பிறகு குதிகாலைக் கிளப்பித் தள்ளிவிடுவதும் ஆடுசதை. அந்தத் தள்ளலில் குதிகால் தசைநாண் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு இழுவையைத் தாங்குகிறது.

வாரக்கணக்கில் மாவுக்கட்டுக்குள் கிடந்த காலில் இந்தச் சதை வற்றிப்போய்விடும்; இரண்டு கால்களையும் டேப்பால் அளந்து காட்டினால் நோயாளியே திகைத்துப்போவார். கணுக்காலும் இறுகிவிடும். நடக்கும்போது கீழ்க்கால் பாதத்தின் மேல் பத்து டிகிரி அளவுக்கு முன்னே சாய வேண்டும். சாயாவிட்டால் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்துத்தான் நடக்க முடியும். பூ விற்கும் அம்மா ஒருவர் அப்படித்தான் வந்தார். குந்தி உட்கார முடியவில்லை. கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தார். எக்ஸ்ரேயில் எலும்பு என்னவோ அழகாகத்தான் கூடியிருந்தது. அதுவரை அவருக்குக் கிடைத்த வைத்தியம் எண்ணெய் தேய்த்து உருவிவிட்டது மட்டும்தான்.

கட்டுப் பிரிக்கும் அன்றே பயிற்சிக்கு எழுதிக்கொடுத்து அனுப்ப வேண்டும். எழுதிக்கொடுத்தாலும் போய்ச்சேரும்படி இடம் இருக்க வேண்டும். நான் வேலை பார்த்த மருத்துவமனை ஒன்றில் எங்கள் பிரிவை மாடியில் வைத்திருந்தார்கள்! ஊன்றுகோலோடு வந்தவர்கள் படிக்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதுண்டு.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்க வழி இருக்கிறது. கால் முறிந்தவர் டிஸ்சார்ஜ் ஆகும்போதே அவர் ஊரில் உள்ள அந்தத் திட்டப் பணியாளருக்குத் தகவல் போகும்படி சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். மாடியில் இருக்கும் பிரிவுகளைத் தரைத்தளத்துக்கு இறக்குவதற்குத் தனி உத்தரவு தேவையா என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயன்முறை சிகிச்சையாளர்,
திருநெல்வேலி மாவட்டம்