உடுப்பிட்டிக்கு ஒரு கடிதம்: அந்த 44 பவுண்

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள மச்சான்,

நீ அனுப்பிய நாலு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று படம் உன் வளவு மாமரம். நன்றாகக் காய்த்திருக்கிறது, அணில் விட்டு வைத்தால் சரி. நாலாவது படம்தான் விசயம். "உங்கள் பழைய கடனுக்கான பி.பி.ஐ பணம் தயாராக இருக்கிறது, அதை விடுவிக்க முதலில் 295 பவுண் அனுப்பவும்" என்று ஒரு கம்பனிக்காரன் எழுதியிருக்கிறானே, அவனுக்கு ஒரு சதமும் அனுப்பாதே. அனுப்பிவிட்டாய் என்றால் வெட்கப்படாமல் உடனே எனக்குக் கோல் எடு. அவன் கள்ளன். இங்கேயும் வயதானவர்களுக்கு இதே கடிதம், இதே கதை வருகிறது. காசு தரவேண்டியவன் உன்னிடம் முதலில் காசு கேட்க மாட்டான்.

ஆனால் அந்தக் கள்ளன் எழுதியதில் பாதி உண்மை. அதனால்தான் இரண்டு கிழமையாக உனக்குப் பதில் போடாமல் இருந்தேன். பி.பி.ஐ என்பது அந்தக் கடனோடு ஒட்டி விற்ற கடன் தவணைக் காப்புறுதி. அதைத் தவறாக விற்றதற்கு உனக்குக் காசு வரவேண்டித்தான் இருந்தது. வராமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு.

2005 ஒக்டோபர், உனக்கு ஞாபகம் இருக்கும். கடைக்கு இரண்டு குளிர்பெட்டி வாங்க 10,000 பவுண் கேட்டு ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் வங்கிக்குப் போனோம். உனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது என்று நான் பெற்றோல் நிலைய வேலையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். மேசையில் சங்கிலி கட்டிய பேனை. வங்கியில் வேலை செய்த பிள்ளை கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். மாதம் 254 பவுண் என்று இருந்தது. "பாதுகாப்போடு சேர்த்து" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "வருத்தம் வந்து படுத்தால் வங்கியே கட்டுமாம் மச்சான், போடு கையெழுத்தை." அவ்வளவுதான் என் மொழிபெயர்ப்பு. பாதுகாப்பு இல்லாவிட்டால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 210 என்றிருப்பாள். சொந்தமாகக் கடை நடத்துகிறவனுக்கு இது உதவுமா என்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். கடன் தவணைக் காப்புறுதி என்ற பெயரில் 2,100 பவுணை ஒரே தடவையில் உன் கடனோடு சேர்த்துவிட்டார்கள். நீ கேட்டது 10,000, கடன்பட்டது 12,100. அந்த 2,100க்கும் வட்டி. மாதம் 44 பவுண் கூட, அறுபது மாதம். கூட்டிப் பார், 2,640 பவுண். அந்தக் காலத்தில் நீ விடிய நாலு மணிக்குக் கடை திறந்து ஒரு பால் போத்தலில் எத்தனை பென்ஸ் மிச்சம் பிடித்தாய் என்று எனக்குத் தெரியும்.

அதையும் விட 2007 கதை. கேஷ் அண்ட் கரியில் அரிசி மூட்டை தூக்கி உனக்கு முதுகு பிடித்து ஏழு கிழமை படுத்தாயே. காப்புறுதிக்காரனுக்கு நான்தான் போன் எடுத்துப் பேசினேன். எக்ஸ்ரேயில் தெரிகிற காயம் இல்லாவிட்டால் முதுகு நோவுக்கு இந்தப் பத்திரத்தில் இடமில்லை என்றான். கடையை நிரந்தரமாக மூடினால் மட்டும்தான் "வேலையிழப்பு" என்றும் சொன்னான். நீ அப்போது சிரித்தாய். "அப்ப இது செத்தவனுக்கு வாங்கின குடை" என்றாய். அந்த வசனத்தை நான் இன்றைக்கும் இங்கே பலருக்குச் சொல்வதுண்டு, உன் பெயர் சொல்லாமல்.

எங்களை மட்டும் இப்படி ஏமாற்றினார்கள் என்று நினைத்துவிடாதே. 1990இலிருந்து இருபது வருடத்தில் இந்த நாட்டில் இப்படி 6 கோடி 40 இலட்சம் காப்புறுதிப் பத்திரம் வரை விற்றிருக்கிறார்கள். கடன், கிரெடிட் கார்ட், வீட்டு மோட்கேஜ், துணிக்கடைக் கார்ட் என்று எதிலும் இதை ஒட்டிவிடுவார்கள். ஓய்வூதியம் எடுக்கிறவர்களுக்கு வேலையிழப்புக் காப்புறுதி விற்ற கதையெல்லாம் உண்டு. வேடிக்கை என்னவென்றால், நாங்கள் கையெழுத்து வைப்பதற்குச் சரியாக ஒரு மாதம் முன், 2005 செப்டெம்பரில், சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு இந்த வியாபாரத்தையே விசாரிக்கச் சொல்லி அரசாங்கத்தின் வர்த்தகக் கண்காணிப்பு அலுவலகத்தில் பெரிய முறைப்பாடு கொடுத்திருந்தது. ஈஸ்ட் ஹாமில் எங்களுக்கு யார் சொன்னது!

அப்புறம் விசாரணை, அறிக்கை, தடை என்று வருடங்கள் ஓடின. வங்கிகள் சும்மா விடவில்லை, பழைய விற்பனையை எல்லாம் திருப்பிப் பார்க்கச் சொன்ன விதிகளை எதிர்த்து வழக்குப் போட்டன. 2011 ஏப்ரல் 20ஆம் திகதி தோற்றன. இரண்டு கிழமையில் லொயிட்ஸ் வங்கி திருப்பிக் கொடுப்பதற்கென்று 3.2 பில்லியன் பவுணை ஒதுக்கியது, மற்றவையும் பின்னால் வந்தன. நீ கடையை விற்றுவிட்டு ஊருக்குப் பிளேன் ஏறியது அதே வருடம் ஜனவரி. மூன்று மாதம் பிந்திப் போயிருந்தாயானால் பேப்பரில் நீயே பார்த்திருப்பாய்.

நான் 2012இல் என் கடனில் சேர்த்த காப்புறுதிக் காசைத் திருப்பிக் கேட்டு வங்கிக்கு எழுதினேன். என்னுடையது சின்னது, 6,000 பவுண், 2004இல் எடுத்தது. காசு விசயத்தில் மக்களுக்கு ஆலோசனை சொல்லும் மார்ட்டின் லூயிஸின் இணையத்தளத்தில் மாதிரிக் கடிதம் இலவசமாகக் கிடந்தது. அதை எடுத்து என் பெயரைப் போட்டு அனுப்பினேன். வங்கி எட்டுக் கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும், சொன்னது. இல்லை என்று. வங்கிகள் மேலான முறைப்பாட்டைத் தீர்க்கும் ஒம்புட்ஸ்மனுக்கு அனுப்பினேன், அதற்கும் கட்டணம் இல்லை, ஆனால் வரிசை நீளம். 2013 கடைசியில்தான் வந்தது. காப்புறுதிக்குக் கட்டிய காசு 1,387, அதற்கு வருடம் 8 வீதம் சாதாரண வட்டி, வட்டியில் வரி கழித்து மொத்தம் 2,000 பவுண் சொச்சம். பொயிலர் மாற்றினோம். மனைவியின் தம்பி கடிதம் எழுதப் பஞ்சிப்பட்டு கூலிக்கு முறைப்பாடு எழுதித் தரும் ஒரு கிளெய்ம் கம்பனியிடம் கொடுத்தான். அவர்கள் 25 வீதம், அதன்மேல் வற் வரி, ஆக 30 வீதம் எடுத்துக்கொண்டார்கள். அவனுக்கு வந்த 3,000இல் 900 ஒரு முத்திரை ஒட்டிய கூலி. பிறகு 2018இல்தான் அந்தக் கூலிக்கு 20 வீதம் என்று எல்லை வைத்தார்கள், அதுவும் வற் இல்லாமல்.

எங்கள் மூத்தவள் படிப்பு முடிந்ததும் அவளுக்குக் கிடைத்த முதல் வேலையே லீட்ஸில் ஒரு வங்கிக்காக இந்த முறைப்பாடுகளைப் பார்ப்பது. அந்தத் தலைமுறைப் பட்டதாரிகளில் எத்தனையோ பேருக்கு முதல் சம்பளம் இதில்தான். அவள் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள், "அப்பா, சொந்தக் கடை வைத்திருக்கிறவர்களுடைய கோப்பு வந்தால் நாங்கள் அவ்வளவு யோசிப்பதே இல்லை, நேரே கொடுக்கிறதுதான். மாமாவின் கடனுக்கு எழுதினீர்களா?" எழுதுகிறேன் என்றேன்.

மச்சான், எழுதவில்லை. உன்னிடம் சொல்லவும் இல்லை.

ஏன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். சோம்பல் என்று சொல்லித் தப்பலாம். நீ நம்பர் மாற்றிவிட்டாய் என்றும் சொல்லலாம், ஆனால் உன் தங்கச்சி இலண்டன் முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமை தவறாமல் நிற்கிறாள், கேட்டிருக்கலாம். உண்மை என்னவென்றால், அந்த முறைப்பாட்டுப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: விற்கும்போது உங்களிடம் என்ன சொல்லப்பட்டது? அதற்கு நீ என்ன எழுதுவாய்? உன்னிடம் தமிழில் சொன்னது நான். அந்தப் பிள்ளை கட்டாயம் என்று சொல்லவில்லை, நான்தான் போடு என்றேன். அந்தப் பதிலை நீ எழுதுவதை நான் பார்க்க விரும்பவில்லை.

இதில் பெரிய பகிடி பிறகுதான் வந்தது. பிளெவின் என்று ஒரு அம்மா, கல்லூரி விரிவுரையாளர், கணவனை இழந்தவர். 2006இல் 34,000 பவுண் கடன் எடுத்தபோது காப்புறுதி என்று 5,780 பவுண் சேர்த்திருக்கிறார்கள். வழக்கில் கணக்கைப் பிரித்தால், காப்புறுதிக் கம்பனிக்குப் போனது 1,630 மட்டும். மிச்சம் 71.8 வீதமும் தரகனுக்கும் கடன் கொடுத்தவனுக்கும் கொமிஷன். இதை ஒளித்ததே அநியாயம் என்று 2014 நொவெம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு நிதிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.சி.ஏ ஒரு விதி கொண்டுவந்தது: கொமிஷன் பாதிக்கு மேல் போய், அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், பாதிக்கு மேற்பட்டதை வட்டியோடு திருப்பிக் கொடு. விற்றவன் என்ன சொன்னான், பக்கத்தில் இருந்தவன் என்ன மொழிபெயர்த்தான் என்ற கேள்வியே அதில் இல்லை. என் பெயர் எங்கேயும் வராமல் உனக்குக் கொஞ்சமாவது வந்திருக்கும்.

முறைப்பாடு கொடுக்கக் கடைசித் திகதி 2019 ஓகஸ்ட் 29. அதை நினைவூட்ட அதற்கு முன் இரண்டு வருடம் நடிகர் அர்னோல்ட் ஸ்வாஸ்நெகரின் தலையை இயந்திரத்தில் செய்து தொலைக்காட்சியில் விளம்பரம் போட்டார்கள். கோமாளித்தனம் என்று எல்லாரும் சிரித்தோம். நானும் அந்தத் தலை வரும்போதெல்லாம் சனலை மாற்றினேன், வேறு காரணத்துக்காக. மொத்தத்தில் 38 பில்லியன் பவுண் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் உன்னுடையது இல்லை.

இப்போது வழி இருக்கிறதா என்று கேட்டாய். உன் கடிதம் வந்த பிறகு தேடினேன், மகளிடமும் கேட்டேன். வங்கியும் ஒம்புட்ஸ்மனும் அந்தத் திகதிக்குப் பிறகு விதிவிலக்கான காரணம் இருந்தால்தான் பார்ப்பார்கள். கடும் நோய் போன்றது. "நண்பன் சொல்லவில்லை" என்பது அதில் வராது. நீதிமன்றம் போகலாமா என்றால், 2023 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்புச் சொன்னது: பிளெவின் அம்மா போட்டது போன்ற அநியாயக் கடனுறவு வழக்கில், வழக்குப் போடுவதற்கான 6 வருடக் கணக்கு, கடனுறவு முடிந்த நாளிலிருந்துதான் தொடங்கும். அந்த வழக்கில் வந்தவர்கள் வென்றார்கள். உன் கடன் முடிந்தது 2010. 6 வருடம் 2016 உடன் போய்விட்டது. நாலு தரம் விரலில் எண்ணிப் பார்த்துவிட்டேன், மாறவில்லை.

இங்கே இப்போது அடுத்த கூத்து கார்க் கடன். கார் விற்பவன் வட்டியைக் கூட்டினால் அவனுக்குக் கொமிஷன் கூடுகிற ஒரு முறை இருந்தது, 2021 ஜனவரியில்தான் தடை செய்தார்கள். மகன் 2017இல் வாங்கிய காருக்கு நேரே கடன் கம்பனிக்கே எழுதிவிட்டான், யாரையும் இடையில் வைக்காமல். நான் பின்னால் நின்று பார்த்தேன். "அப்பா, நீங்கள் ஏன் மூச்சு வாங்குகிறீர்கள்" என்றான்.

மற்றபடி சுகம். எனக்கு வலது முழங்கால், ஊசி போட்டிருக்கிறார்கள். உன் பழைய கடை இப்போது நகம் அழகுபடுத்தும் கடை. அந்த வங்கிக் கிளையும் மூடியாயிற்று.

ஒன்று கேட்க வேண்டும். நீ போகும்போது "எறிந்துபோடாதே" என்று என்னிடம் தந்த பெட்டி மேல்மாடத்தில் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை முழங்காலோடு ஏறி இறக்கினேன். கடன் ஒப்பந்தம் அதிலேதான் இருக்கிறது, இத்தனை வருடமும் என் தலைக்கு மேலே. இரண்டாம் பக்கத்தில் உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் நான் தமிழில் எழுதியிருக்கிறேன், "இங்கே". கடையின் முதல் நாள் படமும், உன் மகளின் பாலர் வகுப்புச் சான்றிதழும் கிடக்கின்றன. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. படத்தையும் சான்றிதழையும் கொண்டு வருவேன். ஒப்பந்தத்தையும் கொண்டு வரவா, வேண்டாமா, சொல்லு. உன் 2,640இல் என்னால் எவ்வளவு முடியும் என்று மனைவியோடு பேசிக்கொண்டிருக்கிறேன், அதற்கு நீ இப்போதே மறுப்புச் சொல்லாதே, நேரில் கதைப்போம்.

அந்தக் கம்பனிக்காரனுக்குப் பதில் போடாதே.

உன்
மச்சான்