பிறந்தநாளுக்கெல்லாம் லீவா? – கலாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கலாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது மூன்று நாளாக மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு டூட்டிக்குக் கிளம்பிவிடுவாய். அதனால் இங்கே, நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். பெயரை மாற்றிவிட்டேன், பயப்படாதே.

வார்டு இன்சார்ஜ் ஆகி ஐந்து மாதம்தான் ஆகிறது, அதற்குள் முதல் மெமோ கொடுத்துவிட்டாய். குரலில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது. இருபத்து மூன்று வயசுப் பெண். இரண்டு வாரம் முன்னாலேயே வந்து, "சிஸ்டர், பதினாலாம் தேதி எனக்குப் பர்த்டே, அன்னைக்கு ஆஃப் வேணும்" என்று கேட்டிருக்கிறாள். "பிறந்தநாளுக்கெல்லாம் லீவா? நீ என்ன எல்.கே.ஜி பிள்ளையா?" என்று அனுப்பிவிட்டாய். பதினாலாம் தேதி காலை ஆறு மணிக்குப் போன் வருகிறது: லூஸ் மோஷனாம், எழுந்திருக்கவே முடியவில்லையாம். சாயங்காலம் பார்த்தால் முக்கொம்பில் ஐஸ்கிரீமோடு ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறாள். நீ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டாய்.

அவள் செய்தது தப்புதான், அதை நான் மழுப்பப் போவதில்லை. நைட் முடித்துக் கிளம்ப வேண்டிய பெண் அவளுக்காக மதியம் வரை நின்றிருக்கிறாள். அந்தக் கால்வலி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ கேட்டாயே, "வளர்ந்தவங்களுக்கு எதுக்குப் பெரியம்மா பிறந்தநாள் லீவு?" என்று, அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்று. நான் பிறந்தநாள் கொண்டாடுகிற ஜாதி இல்லை. என் பிறந்தநாள் எது என்பதிலேயே குழப்பம். உங்கள் அம்மாச்சியைக் கேட்டால், "ஆவணி மாசம், அஸ்தம் நட்சத்திரம், ராத்திரி முழுக்க மழை" என்பார். அந்த நட்சத்திரம் வருஷத்துக்கு ஒரு தேதியில் வரும்; சில வருஷம் ஒரே மாசத்தில் இரண்டு தரமும் வரும். சர்டிஃபிகேட்டில் இருப்பது 1962 ஜூன் 1. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஐந்து வயசு நிறையவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொன்னார் ஹெட்மாஸ்டர். தொட்டுவிட்டேன். "எட்டுது, அப்ப ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்கலாம்" என்று எழுதினார். அவ்வளவுதான் என் ஜாதகம். எங்கள் காலத்து ஆட்களில் பாதிப் பேர் ஜூன் மாதம் பிறந்ததன் ரகசியம் இதுதான்.

அந்த ஒரு வரி கடைசி வரைக்கும் என் கூடவே வந்தது. அரசு வேலையில் மாதத்தின் முதல் தேதி பிறந்தவர்கள் அதற்கு முந்தைய நாளே ஓய்வு பெற வேண்டும். எனக்கு 58-இல், 2020 மே 31 அன்று முடிந்திருக்க வேண்டியது. அந்த மே மாதம்தான் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள். அடுத்த வருஷமே 60 ஆக்கினார்கள். இரண்டு தடவை மாலை வாங்கத் தயாராகி, இரண்டு தடவையும் கோவிட் வார்டுக்குத் திரும்பிப் போனவள் நான். 2022 மே 31 அன்று வெளியே வந்தேன். நிஜப் பிறந்தநாளை எழுதியிருந்தால் ஆகஸ்ட் கடைசி வரை இருந்திருப்பேன். கையைச் சரியாகத் தூக்கிக் காதைத் தொட்டதற்கு மூன்று மாசச் சம்பளம் அபராதம்!

இப்படிப்பட்டவள் பிறந்தநாளுக்கு லீவு கேட்டு வந்த பிள்ளைகளை எப்படிப் பார்த்திருப்பேன்? உன்னை மாதிரியேதான் பார்த்தேன். "கேக் ராத்திரி வெட்டு, காலைல டூட்டிக்கு வா" என்பேன்.

அதை மாற்றியது ஒரு ராத்திரி. இருபது வருஷத்துக்கு மேலே இருக்கும். லேபர் வார்டில் நைட் டூட்டி. நானும் ஒரு ஜூனியர் பெண்ணும் ஓர் ஆயாம்மாவும். எட்டாம் தேதி இரவு 11.52-க்கு ஒரு பெண் குழந்தை, 2.8 கிலோ. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஜூனியர் சத்தமாகச் சொன்னாள், நான் ரிஜிஸ்டரை எடுத்தேன். அதற்குள் குழந்தையின் பாட்டி எப்படியோ கதவருகே வந்துவிட்டது. "சிஸ்டரம்மா, எட்டு ஆகாதும்மா. எட்டு நிமிஷம்தானே, ஒம்பதாந் தேதின்னு போட்டுடுங்க. புண்ணியமாப் போகும்." கையில் சுருட்டிய நோட்டு ஒன்றும் இருந்தது.

இது ஒன்றும் புதுசில்லை. தேதிக்காக, நட்சத்திரத்துக்காக, நேரத்துக்காக எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இலேயே வந்துவிட்டது. 21 நாளுக்குள் பதிய வேண்டும், அது நாங்கள் எழுதுகிற இந்த ரிஜிஸ்டரிலிருந்துதான் போகும். அந்த வரியை வைத்துத்தான் அந்தக் குழந்தை ஸ்கூலில் சேரும், ஓட்டுப் போடும், ஒருநாள் ஓய்வும் பெறும். நான் பாட்டியை அனுப்பிவிட்டுத் திரும்பினால், ஜூனியர் மெல்லச் சொல்கிறாள்: "போட்டிருக்கலாமே சிஸ்டர். எனக்கும் ஒம்பதாந் தேதிதான் பர்த்டே."

கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பன்னிரண்டு ஐந்து.

"ஏண்டி, சொல்லியிருந்தா சார்ட்ல மாத்திப் போட்டிருப்பேனே?"

"கேட்டா குடுக்க மாட்டீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க சிஸ்டர்."

எல்லாரும் சொன்னார்களாம்! எனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. ஆயாம்மா ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றினார். கூடவே ஒரு பொறை, அதை மூன்றாக உடைத்தோம், அதுதான் கேக். "பொறந்தநாளு அன்னைக்கு வேலை பாத்தது உங்கம்மாதான் தாயி. லீவு குடுக்கறதா இருந்தா அதுக்குத்தான் குடுக்கணும்" என்றார் ஆயாம்மா. அந்தப் பெண் சிரித்தாள், பிறகு கொஞ்சம் அழுதாள். அவள் அம்மா ராமநாதபுரம் பக்கம் ஏதோ கிராமத்தில் இருந்தார். காலையில் எஸ்.டி.டி பூத் திறக்கிற வரைக்கும் அவளுக்கு வாழ்த்துச் சொல்லக்கூட ஆளில்லை.

மறுநாள் டூட்டி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லார் பிறந்தநாளையும் சிவப்பு மையில் எழுதினேன். சீனியர்களிடம் "சர்டிஃபிகேட் தேதியா, நிஜத் தேதியா?" என்று கேட்டுத்தான் எழுதினேன். சர்டிஃபிகேட்படி போனால் ஜூன் முதல் தேதி வார்டையே பூட்ட வேண்டியிருக்கும்.

இனி கணக்குக்கு வருகிறேன். உனக்குப் பிடித்த விஷயம். உன் வார்டில் இருபத்திரண்டு பேர் என்றாய். வருஷத்துக்கு இருபத்திரண்டு பிறந்தநாள். மாதத்துக்கு இரண்டுகூட வராது. வைகாசி முகூர்த்தத்தில் ஒரே நாளில் நாலு பேர் கல்யாணம் என்று நின்றால் சமாளிக்கிறாய், இல்லையா? இதற்குத் தனியாக ஒரு நாள்கூட நீ கொடுக்க வேண்டியதில்லை. வாராந்திர ஆஃப் எப்படியும் கொடுத்தே ஆக வேண்டும். அதை அந்தத் தேதிக்கு நகர்த்தினால் போதும். மேனேஜ்மென்ட்டுக்கு ஒரு பைசா செலவு கிடையாது. மாசக் கடைசியில் அடுத்த மாத சார்ட் போடும்போது கடைசிப் பக்கத்தை ஒரு தரம் புரட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒரே தேதியில் இருவர் வந்தால், அல்லது தீபாவளி வாரத்தில் விழுந்தால் முடியாதுதான். முன்கூட்டியே கூப்பிட்டு, "இந்தத் தடவை முடியலம்மா, அடுத்த நாள் எடுத்துக்கோ" என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். என் அனுபவத்தில் அதற்காக முகம் தூக்கியவர்கள் ரொம்பக் குறைவு.

அதற்காகப் பிறந்தநாள் அன்று யாருமே வேலை பார்க்கக் கூடாது என்று சட்டம் போடச் சொல்லவில்லை. அதுவும் ஒரு கொடுமை. எங்கள் வார்டில் ஓர் அக்கா இருந்தார். வீட்டுக்காரர் போய்விட்டார், பிள்ளை வெளிநாட்டில். பிறந்தநாள் அன்று வேண்டுமென்றே நைட் போட்டுக்கொள்வார். "வீட்ல உக்காந்து சுவத்தைப் பாக்கறதுக்கு இங்க நாலு புள்ளையை வெளியில எடுக்கலாம்" என்பார். அவரைப் பிடித்து வலுக்கட்டாயமாக வீட்டுக்கு அனுப்பி யாருக்கு என்ன லாபம்? எடுக்கலாமா வேண்டாமா என்பதை அவரவர் சொல்ல வேண்டும். வளர்ந்தவர்கள் என்கிறாயே, அந்த ஒரு விஷயத்தையாவது அவர்களே சொல்லட்டுமே.

"பிறந்தநாள் என்ன பெரிய பண்டிகையா?" என்றும் கேட்டாய். காலண்டரை எடுத்துப் பார். கிருஷ்ண ஜெயந்தி, மகாவீர் ஜெயந்தி, மிலாது நபி, காந்தி ஜெயந்தி, கிறிஸ்துமஸ் எல்லாம் யாருடைய நாள்? நம் சிவப்பு மைத் தேதிகளில் பல யாராவது பிறந்த நாள்தான். நமக்கு அதிலும் விடுமுறை கிடையாது என்பது வேறு கதை. எங்களுக்கு அரசாங்கத்தில் வருஷத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பும், 3 நாள் வரையறுக்கப்பட்ட விடுப்பும் இருந்தன. அந்த மூன்றுக்குப் பண்டிகைப் பட்டியல் ஒன்று உண்டு. சொந்தப் பிறந்தநாள் அதில் இல்லை.

இன்னும் வேடிக்கை, நம் தொழிலின் பண்டிகையே ஒரு பிறந்தநாள். மே 12, செவிலியர் தினம். 1820-இல் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த நாள். மெழுகுவத்தி ஏற்றி, உறுதிமொழி எடுத்து, கேக் வெட்டி, ஆளுக்கொரு துண்டு டிஷ்யூ பேப்பரில் வாங்கிக்கொண்டு, பாதி தின்பதற்குள் "சிஸ்டர், ட்ரிப் தீர்ந்துபோச்சு" என்று கூப்பிட ஓடுவோம்.

நம்மைவிட ஆள் பற்றாக்குறையும் அவசரமும் உள்ள வேலை என்றால் போலீஸ்தான். 2021-இல் சைலேந்திர பாபு டிஜிபியாக இருந்தபோது, காவலர்களுக்கு வார ஓய்வோடு பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் விடுப்பு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கன்ட்ரோல் ரூமிலிருந்து மைக்கில் வாழ்த்தும் சொல்ல வேண்டும் என்று அதில் இருந்தது. எனக்கு அந்த மைக் விஷயம்தான் பிடித்திருந்தது. நாள் முழுக்க விபத்தும் அடிதடியும் சொல்கிற மைக்கில், ஒரு ஏட்டுக்குப் பிறந்தநாள் வாழ்த்து.

சரி, உன் மெமோவுக்கு வருகிறேன். நீ கவனித்தாயோ இல்லையோ, நான் ஒன்றைக் கவனித்தேன். அந்தப் பெண் இரண்டு வாரம் முன்னால் உண்மையைச் சொல்லிக் கேட்டாள், கிடைக்கவில்லை. அன்று காலை பொய் சொன்னாள், கிடைத்துவிட்டது. அதை மற்ற இருபத்தொரு பேரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்? அடுத்த தடவை யாரும் உன்னிடம் வந்து "பர்த்டே" என்று சொல்ல மாட்டார்கள். ஸ்டேட்டஸும் போட மாட்டார்கள். நேராகக் காய்ச்சல்தான், வயிற்றுவலிதான், இல்லாவிட்டால் பாட்டி செத்துப்போவார். என் சர்வீஸில் ஒரே பாட்டி மூன்று தடவை செத்திருக்கிறார்.

இதில் எனக்கு லீவைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. காரணத்தில் பொய் சொல்லிப் பழகியவள், ஒருநாள் நாலு மணி பி.பி.யைப் பார்க்காமலே சார்ட்டில் 120/80 என்று எழுதுவாள். கேட்டால் நீ கத்துவாய் என்று எழுதுவாள். "சிஸ்டர், நான் பார்க்கல, மறந்துட்டேன்" என்று உன்னிடம் வந்து சொல்கிற தைரியம் அவளுக்கு வேண்டும். எட்டு நிமிஷத்தை மாற்றி எழுத மாட்டேன் என்று நான் அடம்பிடித்ததும் அதே காரணத்தால்தான்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசு. டபுள் பார்த்த பெண்ணுக்கு இவள் ஒரு நைட் மாற்றிக் கொடுக்கட்டும், அதுதான் நியாயமான கணக்கு. மெமோவைத் திரும்ப வாங்கிக்கொள். முடிந்தால் டூட்டி நோட்டின் கடைசிப் பக்கத்தையும் நிரப்பிவிடு.

கடைசியாக, இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லாத ஒன்று. உன் அம்மாவுக்கு வலி எடுத்த அன்று எனக்குக் காலை டூட்டி. முதல் நாளே இன்சார்ஜிடம் போய்க் கேட்டேன். "தங்கச்சி பிரசவத்துக்கெல்லாம் லீவா? இங்க தெனமும் யாரோ ஒருத்தி தங்கச்சிக்குத்தான் பிரசவம் ஆகுது" என்றார். நான் காய்ச்சல் என்று லீவு லெட்டர் எழுதி அனுப்பிவிட்டேன். உன் அம்மாவைச் சேர்த்திருந்தது அதே ஆஸ்பத்திரி! பத்து மணி ரவுண்ட்ஸில் வந்த இன்சார்ஜ், வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு லேபர் வார்டு வாசலில் நிற்கிற என்னைப் பார்த்துவிட்டார்.

"உனக்குக் காய்ச்சல்தானே?"

"ஆமா சிஸ்டர், அதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன்."

சாயங்காலமே மெமோ வந்துவிட்டது. என் சர்வீஸில் அது ஒன்றுதான். உன் பிறந்த தேதியும் அதிலிருக்கிற தேதியும் ஒன்றே. பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது எடுத்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா