கைக்குப் பொருந்தும் ரிவால்வர்

சுகர் லேண்ட், டெக்சாஸ்

அன்புள்ள கண்ணம்மா,

ஞாயிற்றுக்கிழமை போனில், "அப்பா, ஒரு ரிவால்வர் வாங்கலாம்னு இருக்கேன், எது வாங்கலாம்?" என்று நீ கேட்டபோது நான் சட்டென்று பேச்சை மாற்றிவிட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நைட் டியூட்டி முடிந்து வரும்போது ஒருத்தன் உன் கார் வரைக்கும் பின்னாலேயே வந்ததை நீ சொன்னதிலிருந்தே அவள் சரியாகத் தூங்குவதில்லை. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வேண்டாம் என்று சொல்ல எழுதவில்லை. உனக்கு முப்பது வயது, யோசித்துத்தான் கேட்டிருப்பாய். நான் 2003இல் செய்த தப்பை நீ செய்யாமல் இருந்தால் போதும்.

நீ அப்போது மூன்றாம் வகுப்பு. எனக்கு மாதத்தில் பாதி நாள் கடலில் எண்ணெய் ரிக் வேலை. அம்மாவும் நீயும் வீட்டில் தனி. ஒரு துப்பாக்கி இருக்கட்டும் என்று கடைக்குப் போனேன். எனக்கு என்ன தெரியும்? திருவெறும்பூரில் வளர்ந்தவன். துப்பாக்கித் தொழிற்சாலைக்கு ஷிப்ட் பஸ் போகும் சாலையில் சைக்கிள் ஓட்டியிருக்கிறேனே தவிர, ஒரு துப்பாக்கியைக் கையில் தொட்டதில்லை. எங்கள் தெருவில் லைசென்ஸ் வைத்திருந்தவர் ஒரே ஒருவர். தேர்தல் வந்தால் துண்டில் சுற்றி எடுத்துப்போய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவார். துப்பாக்கி என்றால் எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம்.

கடைக்காரர் "மனைவிக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து உள்ளங்கை அளவு ரிவால்வர் ஒன்றை எடுத்து வைத்தார். அலுமினியக் கூடு, ஐந்து தோட்டா, இரண்டு அங்குலத்துக்கும் குறைவான குழல், நானூறு கிராம் எடை. பெண்களுக்கு இதுதான் சரி, கைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்றார். நானும் வாங்கிவிட்டேன். அம்மா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, அவளைக் கடைக்கு அழைத்துக்கொண்டே போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் கூடத்தில், அவள் ஐந்து தோட்டா சுட்டாள். ஐந்தாவதற்கு அப்புறம் மேஜைமேல் வைத்துவிட்டு வலது கையைக் காட்டினாள். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் தோல் ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது. வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டாள். அதற்கப்புறம் அந்த ரிவால்வரை அவள் ஒருநாளும் எடுக்கவில்லை. எடுக்கப் பயந்த ஒரு பொருளை வைத்துவிட்டு, வீட்டுக்குக் காவல் போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு நான் ரிக்குக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்.

காரணம் எளியது. அதே தோட்டாதான் என்றாலும், துப்பாக்கி எவ்வளவு லேசாக இருக்கிறதோ அவ்வளவு பலமாக உதைக்கும். நாள் முழுக்க உடம்பிலேயே வைத்துக்கொண்டு திரிகிறவர்களுக்கு அந்த லேசு தேவை. வருஷக்கணக்கில் சுட்டுப் பழகிய கை அதைத் தாங்கிக்கொள்ளும். உனக்கு அது தேவையில்லை. மருத்துவமனைக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், காரில் போட்டுவிட்டுப் போனால் திருடனுக்குத்தான் கொடுத்ததாகும். ஆக, உன்னுடையது வீட்டில் இருக்கப்போகும் ரிவால்வர். அது சின்னதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கடையில் உன்னைப் பார்த்ததும் யாராவது குட்டியாக ஒன்றை நீட்டினால், "வீட்டில் வைக்க, முழு எஃகு, நாலு அங்குலக் குழல்" என்று முதலிலேயே சொல்லிவிடு.

எது என்று கேட்டாயே. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 எனக்குப் பிடித்தது. 1899இல் வந்த வடிவம், பல தலைமுறைப் போலீஸ்காரர்களின் இடுப்பில் இருந்தது. ஆறு தோட்டா, தோட்டா வகை .38 ஸ்பெஷல், எடை ஏறக்குறைய ஒரு கிலோ. அதைவிடக் கனமாக வேண்டுமென்றால் ரூகர் ஜிபி100. கை சின்னதாக இருந்து அது பிடிக்கு அடங்கவில்லை என்றால் ரூகர் எஸ்பி101இல் மூன்று அங்குலக் குழல் இருப்பதைப் பார். ஐந்து தோட்டாதான், ஆனால் முழு எஃகு. பேரை வைத்து முடிவு செய்யாதே. கையில் பிடித்து நீட்டினால் குழல் உன் முன்கை எலும்போடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பிடியை மாற்றாமலே ஆட்காட்டி விரல் ட்ரிகரில் படிய வேண்டும். விரல் நுனி மட்டும் எட்டுகிறது என்றால் அந்தக் கைப்பிடி உனக்குப் பெரியது. வேறு கைப்பிடி மாட்டலாம், ஐம்பது டாலருக்கே கிடைக்கலாம். அதையும் கேட்டுப் பார்.

அதைவிடப் பலமான தோட்டா .357 மேக்னம். அந்தப் பெயர் எழுதிய ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் போட்டுச் சுடலாம். .38 ரிவால்வரில் .357 போடக்கூடாது. அதன் பித்தளைக் கூட்டையே சற்று நீளமாகச் செய்திருக்கிறார்கள், .38 அறைக்குள் முழுதாக இறங்காது. ஆகவே கனமானதாகப் பார்த்து .357 வாங்கினாலும் பரவாயில்லை. ஆனால் அதில் .38ஐயே போடு. நாலு சுவருக்குள் இருட்டில் மேக்னம் வெடித்தால் கண் கூசும், காது அடைத்துவிடும். பழகுவதற்கு 148 கிரெய்ன் எடைக் குண்டுள்ள வாட்கட்டர் தோட்டா என்று கேள். தலை தட்டையாக இருக்கும், உதை மிகக் குறைவு, காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல வட்டமாக ஓட்டை விழும். நிறைய .38 சுட்டபின் சிலிண்டரில், அதாவது தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையில், உள்ள அறைகளைத் தேய்த்துத் துடைத்துவிடு, உள்ளே கரி வளையமாகப் படிந்திருக்கும்.

வாங்குவதற்கு முன்னால் வாடகைக்கு எடுத்துச் சுடு. உள்ளரங்க ரேஞ்சுகள் பலவற்றில் வாடகைத் துப்பாக்கி உண்டு. மூன்று நாலு வகையை எடு, ஒவ்வொன்றிலும் ஒரே வகைத் தோட்டா. பின்னால் இருக்கும் ஹேமர் என்ற சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்து வைத்துவிட்டுச் சுட்டால் ட்ரிகர் லேசாக இருக்கும், ஒன்றரை இரண்டு கிலோ இழுவை. ஹேமரைத் தொடாமல் ட்ரிகரை மட்டும் இழுத்தால் நாலரை ஐந்து கிலோ ஆகும். நீ பழக வேண்டியது இரண்டாவதை. பதற்றத்தில் ஹேமரை இழுத்து வைத்துவிட்டால் விரல் பட்டாலே வெடித்துவிடும். அப்புறம் இடது கட்டைவிரலை சிலிண்டருக்கு முன்னால் நீட்டாதே. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடுக்கு இருக்கிறது, சுடும்போது அதன் வழியே தீ பக்கவாட்டில் பீறிடும்.

ஒவ்வொன்றையும் சுட்டு முடித்ததும் கையைப் பார். வலிக்கிறதா, நடுங்குகிறதா, இன்னொரு ஆறு சுட மனம் வருகிறதா. வருகிறது என்றால் அதுதான் உன் ரிவால்வர்.

பழையதாக ஒன்று கிடைத்தால் நான் குறை சொல்லமாட்டேன். நம் வீட்டில் இப்போது இருக்கும் மாடல் 10 பழையதுதான். குழல் வாயருகே நீலப் பூச்சு உறையில் உரசி உரசி வெள்ளிபோலத் தெரியும். உள்ளே புதுசுபோல இருக்கிறது. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். கடைக்காரர் காலி என்று சொல்லிக் கொடுத்தாலும் நீயே சிலிண்டரைத் திறந்து ஆறு அறையையும் கண்ணால் பார், சுண்டு விரலால் தடவிப் பார். மூடும்போது சினிமாவில் செய்வதுபோலக் கையை உதறி மூடாதே, சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை வளைந்துவிடும். கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளி மூடு. அப்புறம் அனுமதி கேட்டுக்கொண்டு, சிலிண்டரை விரலால் லேசாக அணைத்துப் பிடித்தபடி ஹேமரை மெல்ல இழு. ஹேமர் கடைசிக்குப் போய் நிற்பதற்குள் சிலிண்டர் டிக்கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் இதைச் செய். ஒன்றில் பிந்தினாலும் வைத்துவிட்டு வந்துவிடு. தோட்டா குழலுக்கு நேராக நிற்காமலே வெடிக்கக்கூடிய ரிவால்வர் அது.

சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கை அளக்க, மெல்லிய தகடுகள் கொண்ட என் ஃபீலர் கேஜை உனக்குப் பார்சலில் அனுப்புகிறேன். திருச்சியில் ஸ்கூட்டர் ஸ்பார்க் பிளக்குக்கு வாங்கியது, நாற்பது வருஷமாக என்னோடு இருக்கிறது. அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு முதல் எட்டு பங்கு வரை இருந்தால் நல்லது, அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிலிருந்து பத்தில் இரண்டு. அதைவிட அகலமாக இருந்தால் தேய்ந்ததாக இருக்கலாம். டார்ச் அடித்து, சிலிண்டரைப் பார்த்திருக்கும் குழலின் பின்முனையில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்.

ரிவால்வர் மாட்டிக்கொள்ளவே கொள்ளாது என்று பலர் சொல்வார்கள். மாட்டிக்கொள்ளும். காலித் தோட்டாக் கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டுக்கு அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் புகுந்தால் சிலிண்டர் மூடாது, சுற்றாது. அதனால் காலிக் கூடுகளைத் தள்ளும்போது குழலை மேல்நோக்கிப் பிடி, துகள் கீழே உதிர்ந்துவிடும்.

இனி காகித வேலை. நானே இங்கே வாங்கி, தீபாவளிக்கு வரும்போது உன்னிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. சட்டம் விடாது. வேறு மாநிலத்தில் இருப்பவருக்குக் கைத்துப்பாக்கி கொடுப்பதென்றால் அவருடைய மாநிலத்தில் லைசென்ஸ் உள்ள கடை வழியாகத்தான் போக வேண்டும், மகளாக இருந்தாலும். என்னுடையதைக் கொண்டுவந்து ரேஞ்சில் உனக்குச் சுடக் கொடுக்கலாம், விட்டுவிட்டு வர முடியாது. ஆக, நீ அரிசோனாவிலேயே வாங்கு. உன் டெக்சாஸ் டிரைவிங் லைசென்ஸை மாற்றிவிட்டாயா? அரிசோனா லைசென்ஸில் இப்போது குடியிருக்கும் முகவரி இருக்க வேண்டும். பழைய முகவரி இருந்தால், புது முகவரி உள்ள கார் ரிஜிஸ்ட்ரேஷன் மாதிரி அரசாங்கம் கொடுத்த காகிதம் ஒன்றைக் கூடவே எடுத்துப்போ. 4473 என்று ஒரு படிவம் கொடுப்பார்கள். ஒவ்வொரு கேள்வியையும் படித்து நிரப்பு, பொய்யாக ஒரு டிக் போட்டாலும் குற்றம். கஞ்சா பற்றிய கேள்வியும் அதில் உண்டு. அரிசோனாவில் அனுமதி இருந்தாலும் மத்திய சட்டத்தில் இல்லை. பிறகு கடைக்காரர் எஃப்பிஐயின் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். சில நிமிஷத்தில் பதில் வந்துவிடலாம். தாமதம் என்று வந்தால் கலங்காதே, காத்திரு.

உன்னோடு தங்கியிருக்கும் தோழி எச்1பியில் இருப்பதாகச் சொன்னாய். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அந்த விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. ஆசைக்காக ரேஞ்சில் நீட்டிவிடாதே, அவளுடைய விசாவுக்கே ஆபத்து. உன் பெட்டியின் எண்ணும் சாவியும் அவளிடம் இருக்கக் கூடாது.

பெட்டி என்றேன். ரிவால்வரோடு கடையில் ஒரு பூட்டு கொடுப்பார்கள், சட்டப்படி கொடுத்தாக வேண்டும். அதோடு விட்டுவிடாதே. பொத்தான் அழுத்தித் திறக்கும் எஃகுப் பெட்டி ஒன்று வாங்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையோடு சேர்த்து போல்ட் போடு. தலையணைக்கு அடியிலோ மேஜை டிராயரிலோ வைக்கவே கூடாது. உன் வீட்டுக்குக் குழந்தைகளோடு வருகிறவர்கள் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேல் தற்கொலை. எமர்ஜென்சியில் நிற்கும் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போன வருஷம் நீ இரண்டு மாதம் சரியாகச் சாப்பிடாமல், போனும் எடுக்காமல் இருந்தாய். அப்படி ஒரு மாதம் மறுபடி வந்தால், எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணு. நான் வந்து உன் பக்கத்தில் இருக்கிறேன். உங்கள் ஊர்க் கடைகளிலோ ரேஞ்சிலோ ரிவால்வரைக் கொஞ்ச நாளைக்குப் பத்திரமாக வைத்துக்கொள்வார்களா என்று வாங்கும்போதே கேட்டு வைத்துவிடு. ஏன், எதற்கு என்று நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். அம்மாவிடமும் சொல்லமாட்டேன்.

ஆயுத பூஜை அன்று ஸ்பேனருக்கும் டிரில் மெஷினுக்கும் பொட்டு வைக்கும்போது, "இதற்கு ஏன் வைக்கவில்லை" என்று சின்ன வயதில் துப்பாக்கிப் பெட்டியைக் காட்டிக் கேட்டாய். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஸ்பேனர் எனக்குச் சோறு போட்டது. இது பெட்டிக்குள்ளேயே கிடந்து ஒருநாளும் வெளியே வராமல் துருப்பிடித்துப் போனால் சந்தோஷப்படுவேன்.

ரிவால்வர் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியதை இந்த வாரமே செய். கதவுச் சட்டத்தில் இருக்கும் முக்கால் அங்குல ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு மூன்று அங்குல ஸ்க்ரூ போடச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேள். டியூட்டி முடிந்ததும் கார் வரைக்கும் கூட வர செக்யூரிட்டியைக் கூப்பிடு, கூச்சப்படாதே. ரேஞ்சில் முதல் வகுப்பில் சேர்ந்துவிடு. கை பழகிய பிறகு வாங்கலாம், கடை எங்கேயும் ஓடிவிடாது.

மாடல் 10ஐ வாங்கி வந்த பிறகு அம்மாவை மறுபடி ரேஞ்சுக்கு அழைத்துப்போக எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. முதல் ஆறு தோட்டா முடிந்ததும் அவள் கையைத்தான் பார்த்தேன். அவள் காதுக் கவசத்தை ஒரு பக்கம் தூக்கிவிட்டு, "இன்னொரு பெட்டி வாங்குங்க" என்றாள்.

வாடகைக்கு எடுத்துச் சுட்டுவிட்டு வந்த அன்றைக்கே, எதை எதைச் சுட்டாய், கட்டைவிரல் இடுக்கு எப்படி இருக்கிறது என்று சொல். கேஜ் பார்சல் செவ்வாய்க்கிழமை கிளம்பும். கூடவே அம்மா பருப்புப் பொடி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா