சாமான் கழற்ற நிறுத்திய வண்டி

ஸ்விஃப்ட் கரண்ட்,
சஸ்காச்சுவான், கனடா.

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது என் சாப்பாட்டையும் குளிரையும் விசாரிப்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. நான் இங்கே செய்கிற வேலையைப் பற்றி உங்களுக்கு ஆற அமர எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். உங்களிடம் சொல்லியே ஆகவேண்டிய வேலை ஒன்று இப்போது முடிந்திருக்கிறது.

நான் வேலை பார்க்கும் பண்ணை நகரத்திலிருந்து தள்ளி, ஜல்லிச் சாலை ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கோதுமையும் பருப்பும்தான். நம் ஊர்க் கடைகளில் மைசூர்ப் பருப்பு என்று விற்பதில் ஒரு பங்கு இந்த மாநிலத்து மண்ணில் விளைந்து கப்பலேறி வருவது. இங்கே ஆள் கூலி மிக அதிகம் என்பதால், இன்ஜின் தேய்ந்துவிட்டது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதைப் பிரித்துப் பார்க்கப் பெரும்பாலும் யாரும் முன்வருவதில்லை. முழு இன்ஜினையே மாற்றுகிறார்கள், இல்லையென்றால் வண்டியை ஓரங்கட்டுகிறார்கள். அப்படி ஓரங்கட்டிய வண்டிகளைப் பண்ணைக்காரர்கள் எடைக்குப் போடுவதில்லை. காற்றைத் தடுக்க நட்ட மரவரிசைக்குப் பின்னால் நிறுத்தி வைத்து, அதே மாடலில் ஓடும் வண்டிக்கு வேண்டிய சாமான்களை அதிலிருந்து கழற்றிக்கொள்கிறார்கள்.

எங்கள் பண்ணையில் அப்படி நின்றது 1978ஆம் ஆண்டு மாடல் ஃபோர்டு எஃப்-150. அதன் கதவு ஒன்று, ரேடியேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ஸீட் எல்லாம் அதே மாடலில் ஓடிக்கொண்டிருந்த ஜோடி வண்டிக்குப் போய்விட்டன. ஆயில் குடிக்கிறது என்பதால் இன்ஜினை மட்டும் யாரும் தொடவில்லை. சென்ற குளிர்காலத்தில் அந்த ஜோடி வண்டியின் பிளாக், அதாவது சிலிண்டர்கள் அமைந்த இன்ஜின் வார்ப்பு, உள்ளே இருந்த நீர் உறைந்து வெடித்துவிட்டது. கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தால் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். குறையும்போதெல்லாம் வெறும் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்கள். முதலாளி வேறு இன்ஜினுக்கு விலை விசாரிக்கத் தொடங்கியபோது, மரவரிசைக்குப் பின்னால் நிற்பதை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று கேட்டேன். அவர் சம்மதித்தார். எழுபதைக் கடந்த அவரை இங்கே எல்லோரும் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள். எனக்கு அது வரவில்லை, 'சார்' என்றே அழைக்கிறேன்.

அந்த இன்ஜினைப் பார்த்தால் உங்களுக்குப் பிடித்துப்போகும். வரிசையாக ஆறு சிலிண்டர், 300 கன அங்குலம், அதாவது 4.9 லிட்டர். 1965 முதல் 1996 வரை ஃபோர்டு இதைத் தயாரித்தது. பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க் தண்டு ஏழு மெயின் பேரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கிராங்கையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்க டைமிங் செயின் கிடையாது, பல்சக்கரத்தோடு பல்சக்கரம் நேராகச் சேர்கிறது. விமான நிலையங்களில் சாமான் இழுக்கும் வண்டிகளிலும் மின்சார ஜெனரேட்டர்களிலும்கூட இதைப் பொருத்தியிருக்கிறார்கள். நம் பட்டறைக்கு வரும் லாரிகளைப்போல, பிஸ்டன் ஓடும் உள்குழாயான லைனரை உருவிப் புதிதாகப் போட இதில் வழியில்லை. பிஸ்டன் ஓடும் துளையான போர், பிளாக்கிலேயே கடைந்தது. எனவே போர் மிகவும் தேய்ந்திருந்தால் ரீபோர் செய்து, அதாவது துளையைப் பெரிதாகக் கடைந்து, பெரிய பிஸ்டன் போடுவதுதான் வழக்கமான வழி.

பல ஆண்டுகள் நின்ற இன்ஜினை எடுத்தவுடன் செல்ஃப் அடித்துச் சுற்றக்கூடாது என்று நீங்கள் சொல்வதை அப்படியே பின்பற்றினேன். ஏர் ஃபில்டர் கூட்டைத் திறந்தபோது உள்ளே வயல் எலி கட்டிய கூடு. அதைச் சுத்தமாக எடுத்த பிறகே மற்றதைத் தொட்டேன். ஆறு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கியர் ஆயிலும் அசிட்டோனும் கலந்து ஊற்றி ஊறவிட்டேன். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் நீண்ட கம்பி போட்டு, முன்னும் பின்னுமாக நூலளவு அசைத்துக்கொண்டே வந்தேன். ஒரு மாலைப்பொழுதில் அது முழுச்சுற்றுச் சுற்றியபோது என் கை நடுங்கியது, அப்பா.

டைமிங் பல்சக்கரத்தின் தேய்மானத்தை முன்மூடியைக் கழற்றாமலே பார்த்துவிடலாம். கிராங்கை ஒரு பக்கம் திருப்பி டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டார் அசையும் இடத்தில் நிறுத்திக்கொண்டு, எதிர்ப்பக்கம் திருப்பினால், ரோட்டார் மறுபடி அசைவதற்குள் கிராங்க் எவ்வளவு வெறுமனே நகர்கிறதோ அதை வைத்துத் தேய்மானத்தைக் கணிக்கலாம். கேம் சக்கரம் ஃபைபர் என்பதால் அதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை இருந்தது; அது நன்றாகவே இருந்தது. அடுத்து டிஸ்ட்ரிபியூட்டரை உருவிவிட்டு, ஆயில் பம்பை ஓட்டும் அறுகோணத் தண்டை டிரில் மெஷினால் சுற்றினேன். நம் பட்டறையில் ஊற்றும் அதே 15-டபிள்யூ-40 டீசல் ஆயிலைத்தான் ஊற்றியிருந்தேன். வால்வுகளைத் தள்ளும் பழைய டேப்பட்டுகளுக்கு அது நல்லது. வால்வுகளுக்கு மேலே இருக்கும் ராக்கர்கள்வரை ஆயில் ஏறி வழிவதைக் கண்ணால் பார்த்த பிறகே இன்ஜினை செல்ஃப் மோட்டாரால் சுற்றவிட்டேன்.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அழுத்தம், பார்த்தபோது நான்கு சிலிண்டர்கள் 110 பிஎஸ்ஐ அளவில் காட்டின. டீசலில் 400 பார்த்துப் பழகிய உங்களுக்கு இது குறைவாகத் தோன்றும். பழைய பெட்ரோல் இன்ஜின் ஓட இது போதும். மூன்றாவதில் 75, ஐந்தாவதில் 40. இரண்டிலும் சிறிது ஆயில் ஊற்றி மறுபடி பார்த்தேன். மூன்றாவது 115க்கு ஏறியது. அப்படியானால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கில்தான் கசிவு. ஐந்தாவது அசையவே இல்லை. அதன் வால்வுகள் இரண்டும் மூடியிருக்க வேண்டிய நிலையில் பிளக் ஓட்டை வழியாகக் காற்றை விட்டபோது சைலென்ஸர் பக்கம் சீறியது. டேப்பட் கவரைத் திறந்து பார்த்தால் எக்ஸாஸ்ட் வால்வு, தான் ஏறி இறங்கும் கைடு என்ற குழாயில் துருவால் இறுகி, முழுவதும் மூடாமல் நின்றது. ஆயில் விட்டு, பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டித் தட்டி அதை விடுவித்தேன். இன்ஜின் கெட்டுவிட்டது என்று இத்தனை ஆண்டுகள் சொல்லி வந்ததில் பாதி, அந்த வால்வில் பிடித்த துருதான் என்று நான் நினைக்கிறேன்.

மற்றவை எளிதாக முடிந்தன. டேங்கில் இருந்த பெட்ரோல் வார்னிஷ்போல நாறியது. அதைத் தொடாமல் சிறு கேனிலிருந்து குழாய் போட்டேன். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். இவ்வளவு காலம் இந்த வண்டியிலிருந்து போன ரேடியேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் கதவும் இப்போது ஜோடி வண்டியிலிருந்து இதற்கே திரும்பி வந்தன.

இன்ஜின் பிடித்தபோது டேப்பட்டுகள் சடசடவென்று அடித்தன, பின்னால் நீலப்புகை கொட்டகையை நிறைத்தது. ஆயில் பிரஷர் முள் மட்டும் நல்ல அளவில் அசையாமல் நின்றது. அதைப் பார்த்துத்தான் நிறுத்தாமல் ஓடவிட்டேன். சூடேறச் சூடேறச் சத்தம் அடங்கியது. சில நாள் பண்ணைக்குள் சுமை ஏற்றி ஓட்டி, ஆயிலை மாற்றிவிட்டு மறுபடி அளந்தபோது, ஒட்டிக்கிடந்த ரிங்குகள் விட்டுக்கொடுத்து மூன்றாவது சிலிண்டர் 100ஐ எட்டியிருந்தது. ஐந்தாவதும் 95க்கு வந்துவிட்டது. ஆயில் இன்னும் குடிக்கத்தான் செய்கிறது. ஆனால் விதைப்புக் காலம் முழுவதும் விதை மூட்டைகளைச் சுமந்தது இந்த வண்டிதான். முதலாளி இதிலிருந்து இனி எதையும் கழற்றக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். குளிர்காலத்துக்காக, இங்கே பெரும்பாலான வண்டிகளுக்கு இருப்பதுபோல், பிளாக்கைச் சூடாக வைக்கும் மின் ஹீட்டரும் பொருத்தி, அதன் வயரை முன் கிரில் வழியாக வெளியே எடுத்துவிட்டேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அறுவடை முடிந்ததும் ஹெட்டைக் கழற்றி வால்வு கிரைண்டிங், ரிங், பேரிங் மூன்றையும் சேர்த்துச் செய்யலாம் என்று முதலாளி சொல்கிறார். போரின் மேல்விளிம்பில் தேயாத வரம்பு கட்டியிருந்தால், அதைச் சீவாமல் புது ரிங் போடும்போது மேல் ரிங் உடையும் என்று நீங்கள் ஆட்களிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வரம்பைச் சீவிவிட்டு இதே பிஸ்டனில் ரிங் மட்டும் மாற்றலாமா, அல்லது போர் எவ்வளவு தேய்ந்திருந்தால் ரீபோருக்கே போய்விடுவது நல்லது? லைனர் இல்லாத பிளாக்கில் நீங்கள் வேலை செய்த அனுபவத்தை விவரமாக எழுதுங்கள். உங்கள் பதில் வந்த பிறகே சாமான்களுக்குச் சொல்லுவேன்.

அம்மாவுக்கும் தங்கைக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

தங்கள் அன்பு மகன்