தங்கம் விலைக்குப் பக்கத்தில் ஓர் அங்குல இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த இறக்குமதிப் போட்டி பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை தறியில் உட்கார்ந்தபடி. இரண்டாம் முறை கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு. ஆறவில்லை. வெளிநாட்டுச் சரக்கோடு மோதினால்தான் உள்நாட்டுத் தொழிலுக்குத் திறமையும் புதுமையும் வருமாம். அது தெரியாமல் திருபுவனம் போன்ற ஊர்களில் பாட்டன் காலத்துத் தறியைக் கட்டிக்கொண்டு அழுகிறார்களாம். போகிற போக்கில் ஒரு வரி. அடுத்த வரியில் கைப்பேசித் தொழிற்சாலைக்குப் போய்விட்டார் கட்டுரையாளர்.

அழுகிறோம்தான். எதற்கு அழுகிறோம் என்று கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம். கும்பகோணத்திலிருந்து எட்டு கிலோமீட்டர், மயிலாடுதுறை ரோட்டில் போகிற எந்த பஸ்ஸிலும் ஏறலாம். தங்கள் அலுவலகத்துக்கு இது தெரியாததல்ல.

எனக்கு வயது 56. பட்டு நெய்ய, கால் மிதிக்கிற தறிக்குழியில் இறங்கி 38 வருஷம் ஆகிறது. அந்நியச் சரக்கைக் கண்டு நடுங்குகிறவன் என்று என்னை யாரும் நினைத்துவிட வேண்டாம். என் தறியில் பல வருஷம் ஓடியது சீனத்துப் பட்டுதான். முதன்முதலில் அந்த நூல் வீட்டுக்கு வந்த அன்று அப்பா ஒரு இழையை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் நீவிப் பார்த்தார். “என்னடா இது, எங்கேயும் தட்டவே இல்லையே” என்றார். அதுவரைக்கும் நாங்கள் நெய்தது கர்நாடகத்து ராமநகரத்தின் மஞ்சள் பட்டுப்புழுக் கூட்டிலிருந்து சர்க்கா என்கிற கை ராட்டையில் இழுத்த நூல். ஓரிடத்தில் தடிமன், அடுத்த முழத்தில் மயிரிழை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் குழிக்குள் தண்ணீர் ஊறும், தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் ஈரம் குடிக்கும். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது இழை அறும். அறுந்ததைத் தேடிப் பிடித்து, சாம்பல் தொட்டு, விரலில் முறுக்கிப் புணைத்து முடிப்பதற்குள் பக்கத்தில் இன்னொன்று போய்விடும். சீனப் பாவில் அது பத்துக்குள் நின்றது. பதினோரு நாள் புடவை எட்டு நாளில் இறங்கியது.

கட்டுரையாளர் ‘உற்பத்தித்திறன்’ என்று பத்து இடத்தில் எழுதியிருக்கிறாரே, அது இதுதான் ஐயா. எந்தப் போட்டியும் வந்து எங்களைத் தட்டி எழுப்பவில்லை. நல்ல நூல் கிடைத்தது, கை ஓடியது.

இறக்குமதி என்று மொட்டையாகச் சொன்னால் போதுமா? நூலாக வருகிறதா, இயந்திரமாக வருகிறதா, துணியாக வருகிறதா என்று கேட்க வேண்டாமா? என் மகள் கும்பகோணத்தில் பொருளாதாரம் எம்.ஏ. படித்தவள். அவள் சொன்னது இது: இறக்குமதிக்கு வாசல் திறந்த 1991-க்குப் பிறகு இந்தியத் தொழிற்சாலைகளை ஆராய்ந்தவர்கள், போட்டிச் சரக்கு வந்ததால் கிடைத்த லாபத்தைவிட மூலப்பொருள் மலிவாக வந்ததால் கிடைத்த லாபம் பெரிது என்றே எழுதியிருக்கிறார்களாம். சீனச் சரக்கு வந்த பிறகு ஐரோப்பாவில் புதுமை கூடியது என்று ஓர் ஆய்வு, அமெரிக்காவில் காப்புரிமைப் பதிவு குறைந்தது என்று இன்னோர் ஆய்வு. அவ்வளவு படித்தவர்களுக்கே ஒத்த முடிவு வராத விஷயத்தை உங்கள் கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துக் கொடுத்துவிட்டார். பாராட்டுகள்.

எங்களுக்கு நூலாக வந்த அதே சீனா, பாலியஸ்டர் புடவை ஓடுகிற சூரத்துக்கு, தண்ணீரைப் பீச்சி நூலைத் தள்ளும் வாட்டர் ஜெட் தறியாக வந்தது. அங்கே ஓடுகிற வேகத்தோடு, குறுக்கு நூலைக் கொண்டு போகிற என் நாடாவும் ஓட வேண்டும் என்கிறீர்களா? அதையும் விடுங்கள். புதுமை என்றீர்களே, அந்தக் கதையைச் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு தீபாவளிக்கு, அரசலாற்றங்கரையில் பூத்து நிற்கிற நாணலை முந்தியில் இறக்கினேன். கம்ப்யூட்டரில் வரைய ஒருவரிடம், அதைத் தறிக்கான அட்டையில் துளையாக அடிக்க ஒருவரிடம், எல்லாம் என் கைக்காசு. நாலு புடவை விற்றது. பொங்கலுக்கு என் மனைவியின் தங்கை அதே நாணல் பூவைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பாலியஸ்டர். கும்பகோணம் கடைத்தெருவில் 900 ரூபாய். “அத்தான், நீங்க போட்ட டிசைன் மாதிரியே இருக்குல்ல?” என்று ஆசையாகத் திரும்பி நின்று காட்டினாள். பூவின் சாய்வுகூடத் தப்பவில்லை. நல்லா இருக்கும்மா என்றேன். வேறென்ன சொல்வது? யோசித்தவனுக்கு மூன்று மாதம்கூட மிச்சமில்லை என்றால் அடுத்த முந்திக்கு எவன் பணம் போடுவான்?

இன்னொரு புதுமையும் செய்தேன். டிசைனுக்கு இழைகளைத் தூக்குகிற ஜக்கார்டு பெட்டியை மிதித்துத் தூக்கித் தூக்கி முட்டி போய்விட்டது. லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரோடு சேர்ந்து, பெட்டியைத் தூக்க மட்டும் ஒரு சின்ன மோட்டார் மாட்டினேன். நாடா கையால்தான் போகும், நூலை நெருக்குகிற அச்சு கையால்தான் அடிக்கும். பார்க்க வந்த அதிகாரி, மோட்டார் இருந்தால் இது கைத்தறி இல்லை, சலுகை எல்லாம் போய்விடும், கழற்று என்றார். கழற்றினேன். பிறகு அதே மாதிரி மோட்டாரை அரசாங்கமே மானியத்தில் கொடுக்க ஆரம்பித்தது. பாட்டன் காலத்துத் தறியை யார் யாரைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள் என்று கட்டுரையாளர் விசாரித்தால் நல்லது.

வரிக் கதைக்கு வருகிறேன். கச்சாப் பட்டுக்கு இறக்குமதி வரி 2011 பட்ஜெட்டில் 30 சதவீதத்திலிருந்து 5 ஆனது. 2013-ல் 5, 15 ஆனது. பிறகு 10-க்கு இறங்கி, 2021-ல் மறுபடி 15. வரி குறைந்தால் நெசவாளர் மகிழ்ச்சி என்று போடுகிறீர்கள், கூடினால் பட்டு விவசாயி மகிழ்ச்சி என்று போடுகிறீர்கள். இரண்டு மகிழ்ச்சியும் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. வரி ஏறிய அன்று சாயங்காலமே நூல் விலை ஏறிவிடும். இறங்கினால் “பழைய ஸ்டாக்குப்பா” என்பார்கள். அந்தப் பழைய ஸ்டாக் தீர்ந்து நான் பார்த்ததில்லை.

கூடு வளர்க்கிறவரும் பிழைக்கத்தான் வேண்டும், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. இப்போது வருகிற உள்நாட்டு வெள்ளைக் கூட்டு நூல் பழைய நூல் மாதிரி இல்லை, நன்றாகவே ஓடுகிறது. தானியங்கி நூற்பு இயந்திரங்கள் வந்ததுதான் காரணம். அந்த இயந்திரங்களும் முதலில் சீனாவிலிருந்தே வந்தன. வரி போட்டு வாசலை அடைத்ததும் உண்மை, ஜன்னல் வழியாக இயந்திரத்தை இறக்கிக்கொண்டதும் உண்மை. கட்டுரைக்கு இது நல்ல உதாரணம். கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

கட்டுரையோடு ஒரு படம் போட்டிருந்தீர்கள். திருபுவனத்தில் கைத்தறியில் பட்டு நெய்யும் பெண் என்று கீழே எழுதியிருந்தது. அந்தத் தறிக்குக் குழி இல்லை, மிதி இல்லை, பக்கவாட்டில் பெல்ட் ஓடுகிறது. அது பவர்லூம் ஐயா. கரை வைத்த பட்டுப் புடவை, கைத்தறிக்கு என்று 1985-ம் வருஷச் சட்டம் ஒதுக்கி வைத்த ரகம். 22 ரகத்தை 11 ஆகக் குறைத்த பிறகும் அது பட்டியலில் இருக்கிறது. அதைப் பவர்லூமில் போடுகிறவர்களோடுதான் எங்கள் அன்றாடப் போட்டி. அந்தத் தறியையே எங்கள் ஊர்ப் பெயரில் அச்சடித்துவிட்டீர்கள். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது விசிறி போல மடிக்கிற எங்கள் விசிறி மடிப்புப் புடவையைப் பெரிதாகப் படம் போட்டு எங்களைக் கௌரவித்ததும் உங்கள் பத்திரிகைதான் என்பதால் இதற்குமேல் சொல்லவில்லை. திருத்தம் போட்டால் போதும்.

ஒரு வேண்டுகோள். தினமும் தங்கம், வெள்ளி விலை போடுகிறீர்கள். முட்டை, கறிக்கோழி, தக்காளி விலைகூட வருகிறது. பக்கத்தில் ஓர் அங்குல இடத்தில், வாரத்துக்கு ஒரு நாளாவது, கூடு விலையும் கச்சாப் பட்டு நூல் விலையும் போட முடியுமா? ராமநகரத்திலும் தருமபுரியிலும் ஏலம் நடக்கிற இடத்தில் கூடு விலை கிடைக்கும். பேப்பரில் விலை இருந்தால், நூல் கொடுக்கிறவர் முன்னால் அதை விரித்து வைத்துப் பேசலாம்.

நூல் கொடுக்கிறவரும் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார். அதனால் என் பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
பட்டு நெசவாளர் ஒருவர்,
திருபுவனம்.